மைக்கில் தறிச் சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விசைத்தறிகள் ஓடும் சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திருப்பூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மெர்ச்சன்டைசர், ஆன்லைனில் டியூஷன் எடுக்கும் டீச்சர், இன்டர்வியூவுக்குத் தயாராகும் காலேஜ் பையன் என்று யார் வந்தாலும் புகார் ஒன்றுதான்: "பின்னாடி சத்தம் கேக்குதுன்னு சொல்றாங்க." ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் எல்லாம் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. மெனுக்களின் பெயர் உங்கள் மெஷினில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

1. ஏனுங்க, நாம்பேசறதைவிடத் தறி ஓடறதுதான் பெருசாக் கேக்குதாமா. மைக்கு போயிருச்சுங்களா?

போகவில்லை. வேலை செய்வதால்தான் அது கேட்கிறது. பக்கத்துத் தறிக்குடோன் சத்தம் உங்கள் காதிலும் விழுந்துகொண்டேதான் இருக்கிறது. பிறந்ததிலிருந்து பழகியதால் மூளை அதை ஒதுக்கிவிட்டு, எதிரில் பேசுகிறவரை மட்டும் பிடித்துக்கொள்கிறது. இரண்டு காது இருப்பதால் எந்தச் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் அதற்குத் தெரியும். லேப்டாப் மைக்குக்கு அந்தப் பழக்கம் இல்லை. வந்து விழுவதை எல்லாம் வாரி அனுப்பிவிடும்.

உள்ளூர்க்காரர்களோடு பேசும்போது யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் வீட்டுப் பக்கமும் தறி ஓடுகிறது. பெங்களூரிலோ ஜெர்மனியிலோ இருந்து பேசுகிறவர்தான் முதலில் கேட்பார்.

2. சரீங்க, மொதல்ல எதைத் தொடோணும்?

செட்டிங்ஸை அப்புறம் தொடலாம். முதலில் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். இந்தப் பக்கத்தில் வேறெதையும் படிக்க நேரமில்லை என்றால் இந்தப் பதிலை மட்டுமாவது படியுங்கள்.

ஒலிக்கு ஒரு கணக்கு உண்டு, அதை அளக்கும் அலகு டெசிபெல். பேசும் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் பாதியானால், மைக்கில் விழும் குரல் சுமார் 6 டெசிபெல் கூடும். தூரம் பத்தில் ஒரு பங்கானால் 20 டெசிபெல் கூடும். லேப்டாப் மைக் உங்கள் வாயிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. ஹெட்செட்டின் மைக் 5 சென்டிமீட்டரில் இருக்கிறது. ஆக, குரல் மட்டும் 20 டெசிபெல் ஏறிவிட்டது. தறிக்குடோன் முப்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நீங்கள் மைக்கை ஒரு முழம் நகர்த்தியதை அது கண்டுகொள்ளாது, அதன் சத்தம் அதே அளவில்தான் வரும். காசு கொடுத்து வாங்கும் எந்த மென்பொருளும் குரலைக் கெடுக்காமல் இவ்வளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டி நான் பார்த்ததில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். மைக்கை உதட்டுக்கு நேர் எதிரே வைக்காமல் கடைவாய்ப் பக்கம் ஒதுக்கி வையுங்கள். நேரே வைத்தால் 'ப', 'ம்ப' வரும்போதெல்லாம் காற்று மைக்கில் மோதி 'டப் டப்' என்று அடிக்கும்.

3. அந்த செட்டிங்கு எங்கதாங்க இருக்குது?

விண்டோஸ் 11 என்றால்: செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் சவுண்ட். இன்புட் என்ற பகுதியில் உங்கள் மைக்கைத் தொட்டால் இன்புட் வால்யூம் வரும். பழைய சவுண்ட் ஜன்னல் வேண்டுமானால் அதே சவுண்ட் பக்கத்தின் அடியில் 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்' இருக்கும். அதைத் திறந்து ரெக்கார்டிங் என்ற தாவலுக்குப் போய் மைக்கின் மேல் இரண்டு தடவை கிளிக் செய்தால் லெவல்ஸ், அட்வான்ஸ்டு என்று வரிசையாக வரும். விண்டோஸ் 10-இல் கீழே மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் செய்து 'சவுண்ட்ஸ்' கொடுத்தால் இதே ஜன்னல் வரும்.

திறந்ததும் பட்டியலில் எந்த மைக்குக்குப் பச்சை டிக் விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஹெட்செட்டைச் சொருகிவிட்டு லேப்டாப் மைக்கிலேயே பேசிக்கொண்டிருப்பவர்கள் வாரத்துக்கு இரண்டு பேராவது என் கடைக்கு வருகிறார்கள். ஹெட்செட் மைக்கை விரல் நகத்தால் லேசாகத் தட்டுங்கள். பட்டியலில் அதன் பக்கத்தில் இருக்கும் அளவுப் பட்டை துள்ளினால் சரி.

4. அதுல 'பூஸ்ட்'னு ஒண்ணு இருக்குதே. எச்சா வெச்சாத்தானே நல்லாக் கேக்கும்?

எல்லோரும் வழுக்கி விழும் இடம் இது. மைக்ரோபோன் பூஸ்ட் பெரும்பாலும் 0, +10, +20, +30 டெசிபெல் என்று படிப்படியாக ஏறும். +20 என்றால் மைக்கிலிருந்து வரும் மின் அலை பத்து மடங்காகிறது. ஆனால் அதற்குக் குரல், தறி என்ற பேதம் கிடையாது. இரண்டையும் ஒரே அளவுக்குத் தூக்கிவிடும். கூடவே மைக்கின் சொந்த 'ஸ்ஸ்' இரைச்சலையும் தூக்கும்.

2-ஆம் பதிலில் பார்த்ததும் இதே 20 டெசிபெல்தான். பக்கத்தில் கொண்டு வந்தால் குரல் மட்டும் ஏறுகிறது; பூஸ்ட் போட்டால் ஊரே ஏறுகிறது. அதனால் மைக் கிட்டே வந்த பிறகு பூஸ்டை 0-வுக்கு இறக்குங்கள். குரல் மெலிதாக இருந்தால் +10 போதும். +30 போட்டுத்தான் கேட்கிறது என்றால் மைக் தூரத்தில் இருக்கிறது, இல்லை பின் தப்பாகச் சொருகியிருக்கிறது. பின் விஷயம் 11-இல் வருகிறது.

5. வால்யூம் எத்தனைல வெக்கறதுன்னு ஒரு நெம்பர் சொல்லுங்க, போதும்.

நெம்பர் சொன்னால் தப்பாகிவிடும். ஒரு மைக்குக்கு 50 அதிகம், இன்னொன்றுக்கு 90-உம் பற்றாது. சவுண்ட் ரெக்கார்டரைத் திறந்து, வழக்கமாகப் பேசும் குரலில் பத்து விநாடி, அப்புறம் சிரித்துப் பேசும் குரலில் பத்து விநாடி, அப்புறம் வாய் திறக்காமல் பத்து விநாடி பதிவு செய்து கேளுங்கள். சிரிக்கும் இடத்தில் குரல் உடைந்தால் இறக்குங்கள். உடைந்த குரலை எந்த மென்பொருளும் ஒட்டவைக்காது. அளவு காட்டும் மென்பொருள் இருந்தால் உச்சம் −12 டெசிபெல் பக்கம் நிற்பது நல்லது (அந்த அளவில் 0-தான் எல்லை, அதைத் தொட்டால் குரல் உடையும்).

6. நான் 60-ல வெச்சா ஜூம் போட்டதும் அதுவே 100-க்கு ஏறிக்குதுங்க. பேய் கீய் புடிச்சிருச்சா?

பேயின் பெயர் 'ஆட்டோமேட்டிக்கலி அட்ஜஸ்ட் மைக்ரோபோன் வால்யூம்'. ஜூமின் ஆடியோ செட்டிங்ஸில் இருக்கிறது. நீங்கள் பேசாமல் இருக்கும்போது "குரல் சின்னதாக இருக்கிறதே" என்று அது வால்யூமை ஏற்றும். ஏற ஏறத் தறிச் சத்தம் மேலே வரும். நீங்கள் வாய் திறந்ததும் பதறி இறக்கும். எதிரில் இருப்பவருக்குக் கடல் அலை மாதிரி சத்தம் வந்து வந்து போவதாகத் தோன்றும். டிக்கை எடுத்துவிடுங்கள்.

அப்படியும் ஏறினால் 3-இல் சொன்ன பழைய ஜன்னலில் அட்வான்ஸ்டு தாவலுக்குப் போய், இந்த மைக்கை மென்பொருள்கள் தனியாகக் கையில் எடுத்துக்கொள்ள அனுமதிக்கும் 'எக்ஸ்குளூசிவ் கன்ட்ரோல்' டிக்கையும் எடுத்துப் பாருங்கள். சில மெஷின்களில் அதற்குப் பின் அடங்கிவிடுகிறது.

7. நாய்ஸ் சப்ரஷன்னு நெறையா எடத்துல இருக்குது. எல்லாத்தையும் போட்டுட்டா டபுளா வேலை செய்யாதுங்களா?

செய்யாது. பின்சத்தத்தை அமுக்கும் இந்த வேலைக்கு விண்டோஸில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் என்று ஒன்று, லேப்டாப் கம்பெனி கொடுத்த மென்பொருளில் ஒன்று, ஜூமிலோ டீம்ஸிலோ இன்னொன்று. முதலாவது குரலின் ஓரத்தைச் சீவி அனுப்பும். இரண்டாவது, சீவிய குரலைப் பார்த்து மிச்சத்தையும் சத்தம் என்று நினைத்துச் சீவும். கடைசியில் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி வரும், சொல்லின் கடைசி எழுத்து முழுங்கிப் போகும்.

ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். என் பழக்கம், பேசும் மென்பொருளில் இருப்பதை வைத்துக்கொண்டு மற்றதை அணைப்பது. ஜூமில் ஆட்டோ, லோ, மீடியம், ஹை என்று இருக்கும். மைக் பக்கத்தில் இருந்தால் லோ அல்லது மீடியம் போதும். டீம்ஸிலும் இதே மாதிரி உண்டு. கூகுள் மீட்டில் உங்கள் கணக்கின் வகையைப் பொறுத்து அந்தப் பொத்தான் இருக்கும், இல்லாமலும் இருக்கும். விண்டோஸில் என்ஹான்ஸ்மென்ட் பகுதியே வரவில்லை என்றாலும் கவலை வேண்டாம், அது சவுண்ட் டிரைவரைப் பொறுத்தது. மேக் வைத்திருப்பவர்கள், அழைப்பில் இருக்கும்போது மேலே கன்ட்ரோல் சென்டரைத் திறந்து மைக் மோடில் 'வாய்ஸ் ஐசொலேஷன்' தேர்ந்தெடுத்தால் போதும். 2021-இல் வந்த மான்டெரே முதல் அது இருக்கிறது.

8. ஃபேன் சத்தம் சுத்தமாப் போயிருது. தறியும் மயிலும் மட்டும் போகமாட்டேங்குதே, ஏனுங்க?

கேட்க வேண்டிய கேள்வி. சத்தத்தைக் கழிக்கும் பழைய முறை ஒன்று உண்டு. 1979-இல் ஸ்டீவன் போல் என்பவர் அதை எழுதினார். நீங்கள் பேசாத நேரத்தில் வரும் சத்தம் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று அளந்து வைத்துக்கொண்டு, பேசும்போது அந்த அளவைக் கழித்துவிடுவது. ஃபேன், ஏசி, கிரைண்டர் எல்லாம் ஒரே சீராக ஓடுபவை. இந்த நிமிடம் அளந்தது அடுத்த நிமிடத்துக்கும் பொருந்தும். அதனால் சுலபமாகக் கழிந்துவிடும்.

நாடாத் தறி அப்படி இல்லை. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடிபடுகிறது. ஒவ்வொரு அடியும் கண் சிமிட்டும் நேரத்துக்குள் எழும்பி அடங்குகிறது. ஒரு குடோனில் இருபது தறி இருந்தால் இருபதும் ஒரே தாளத்தில் அடிக்காது. அளந்து வைத்த சராசரி எதற்கும் ஒத்துவராது. மயில் இன்னும் மோசம். அது எப்போது அகவும் என்று யாருக்கும் தெரியாது. ஏறி இறங்கும் அந்தக் கூவல் ஆள் கூப்பிடுவது போலவே இருக்கும். குரல் என்று நினைத்து மென்பொருள் அதற்கு வழிவிட்டுவிடும். நம்ம ஊரில் காட்டோரம் வீடு கட்டினவர்களுக்கு இது தெரியும்.

இப்போது வருகிற மென்பொருள்கள் வேறு வழியில் போகின்றன. குரல் எப்படி இருக்கும், சத்தம் எப்படி இருக்கும் என்று ஏராளமான பதிவுகளைக் கேட்கவைத்துப் பழக்கிய நியூரல் நெட்வொர்க் அவற்றுக்குள் இருக்கிறது. 2017-இல் வெளிவந்த ஆர்என்நாய்ஸ் அந்த வகை. ஒலியைப் பத்து மில்லி விநாடித் துண்டுகளாகப் பார்த்து, எந்த அதிர்வெண் பட்டையை விடலாம், எதை அமுக்கலாம் என்று முடிவு செய்யும். இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருளில் ஃபில்டராகவே இருக்கிறது. தறிக்கு இது பழைய முறையைவிட நன்றாக வேலை செய்கிறது. மயிலுக்கு, என் அனுபவத்தில், பாதிதான்.

9. நாம் பேசாதப்ப அமைதியா இருக்குதாமா, வாயத் தொறந்தா தறியும் கூடவே வருதாமா.

உங்கள் மெஷினில் நாய்ஸ் கேட் ஓடுகிறது. அது சத்தத்தைக் குறைப்பதில்லை, கதவைத்தான் சாத்துகிறது. ஒலி குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் சாத்தும், மேலே வந்தால் திறக்கும். கதவு திறக்கும்போது குரலோடு தறியும் உள்ளே வரத்தான் செய்யும்.

ஓபிஎஸ்ஸில் இதைப் போட்டால் சாத்துவதற்கு −32, திறப்பதற்கு −26 டெசிபெல் என்று முதலிலேயே இருக்கும். உங்கள் வீட்டுச் சத்தம் −35-இல் நின்றால் அது சரி. −25-இல் நின்றால் கதவு சாத்தவே சாத்தாது. உடனே அளவை ஏற்றாதீர்கள். மெதுவாகப் பேசும் முதல் எழுத்து வெட்டுப்படும், 'வணக்கம்' என்றால் 'ணக்கம்' என்றுதான் போகும். 2, 4-ஆம் பதில்களில் சொன்னதைச் செய்து இடைவெளியைப் பெருக்கிவிட்டு, அப்புறம் கேட்டுக்கு வாருங்கள்.

10. தறி நின்னாலும் 'ம்ம்ம்'னு ஒரு எரைச்சல் ஓடிட்டே இருக்குதுங்க.

அது காற்றில் வரும் சத்தம் இல்லை, கரன்ட்டில் வருவது. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதுவும் அதன் மடங்குகளான 100, 150-உம் ஒயர் வழியாக உள்ளே புகுந்தால் இப்படித்தான் முனகும். சோதிக்க ஒரே நிமிடம் போதும்: லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் பேசுங்கள். முனகல் நின்றால் சார்ஜரோ எர்த்தோதான் காரணம். கரன்ட் போய் வீட்டு இன்வர்ட்டர் ஓடும்போது மட்டும் வந்தால், அது சைன் வேவ் இல்லாத பழைய இன்வர்ட்டராக இருக்கலாம்.

வேறு பிளக் பாயின்ட்டில் போட்டுப் பாருங்கள், மைக் ஒயரைச் சார்ஜர் ஒயரோடு பின்னிவிடாதீர்கள், யுஎஸ்பி ஹெட்செட்டுக்கு மாறிப் பாருங்கள். ஆனால் சத்தம் நிற்கிறது என்பதற்காக மூன்று முனை பிளக்கில் எர்த் முனையை மட்டும் உடைத்துவிடாதீர்கள். அப்படி உடைத்துக் கொண்டு வந்த டெஸ்க்டாப்பைத் தொட்டு நான் ஒரு தடவை ஷாக் வாங்கியிருக்கிறேன்.

11. செல்போன் ஹெட்போனைக் கம்ப்யூட்டர்ல சொருகினா கேக்குது, பேசினாப் போகமாட்டேங்குது.

பின்னைப் பாருங்கள். செல்போன் பின்னில் மூன்று கறுப்பு வளையம், அதாவது நான்கு பகுதி இருக்கும். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பின்னில். டெஸ்க்டாப்பில் பச்சை, பிங்க் என்று தனித்தனித் துளை. நடுவில் இரண்டாகப் பிரிக்கும் சின்ன ஒயர் ஒன்று விற்கிறது, வாங்கிச் சொருகுங்கள். லேப்டாப்பில் ஒரே துளை இருந்தால் அது பெரும்பாலும் செல்போன் பின்னை ஏற்கும்.

12. புதுசா வாங்கோணும்னா எதைங்க வாங்கறது? புளூடூத் நல்லாருக்குமா?

பேசுவதற்கு மட்டும் என்றால், வாய் வரை கம்பி நீளும் ஒயர் யுஎஸ்பி ஹெட்செட். அதற்குள்ளேயே சவுண்ட் சிப் இருப்பதால் மெஷினின் உள் இரைச்சலும் 10-இல் சொன்ன முனகலும் பெரும்பாலும் ஒழியும். காதில் மட்டும் நிற்கும் புளூடூத்தில் மைக் வாயிலிருந்து தள்ளிப் போய்விடுகிறது. அது போக, மைக்கை இயக்கியதும் வழக்கமான புளூடூத் அழைப்பு முறைக்கு மாறும். குரலை நொடிக்கு 8,000 அல்லது 16,000 தடவை மட்டுமே அளந்து எடுப்பதால் அது சுருங்கிவிடும். "பாட்டு நல்லாக் கேட்டது, மீட்டிங்ல டப்பாச் சத்தமா இருக்குது" என்பதற்குக் காரணம் இதுதான்.

மேஜை மேல் வைக்கும் மைக் வேண்டுமானால் 'கார்டியாய்டு' என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அது முன்னால் இருப்பதை நன்றாகவும் பின்னால் இருப்பதை மிகக் குறைவாகவும் எடுக்கும். அதன் முதுகு தறிக்குடோன் பக்கம் இருக்க வேண்டும். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து மைக்கை உங்களைப் பார்க்க வைத்தால், அது ஜன்னலையும் சேர்த்துப் பார்க்கும்.

13. ஆடிக் காத்துல மொட்டை மாடில பேசினா 'பொர பொர'ங்குது. எதை ஆன் பண்ணோணும்?

எதை ஆன் செய்தும் பயனில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மைக்கின் சவ்வை நேராகத் தள்ளுகிறது. குரல் அதற்குள் மூழ்கிவிட்டால் மீட்க முடியாது. ஸ்பாஞ்ச் உறை மாட்டுங்கள், காற்றுக்கு முதுகு காட்டுங்கள், இல்லை கீழே இறங்கி வாருங்கள்.

14. செவுத்துல முட்டை அட்டை ஒட்டினா வெளிச் சத்தம் நிக்குமாமே?

நாமக்கல் முட்டை வரும் ஊர் என்பதால் அட்டைக்குப் பஞ்சமில்லை, நானும் ஒரு அறை முழுக்க ஒட்டிப் பார்த்தேன். தறிச் சத்தம் இம்மி குறையவில்லை. எலிதான் வந்தது. வெளிச் சத்தத்தைத் தடுக்கக் கனமும், காற்றுப் புகாத அடைப்பும் வேண்டும். அட்டையில் இரண்டும் இல்லை. எளிதில் தீயும் பிடிக்கும். கதவுக்கு அடியில் இருக்கும் சந்தைத் துணி வைத்து அடைத்தாலே அதைவிடப் பலன் உண்டு.

அறைக்குள் குரல் முழங்குவது வேறு கோளாறு. வெறும் சுவரும் டைல்ஸும் இருந்தால் முழங்கும். அதற்குப் பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்து எதிர்ச் சுவரில் தொங்கவிடுங்கள். பனியன் துணி ரோல் அடுக்கிய அறை கிடைத்தால் அதைவிட நல்ல ஸ்டுடியோ இந்தப் பக்கம் இல்லை.

15. ஒரு மணி நேரம் பாடம் ரெக்கார்டு பண்ணிட்டனுங்க. இப்ப சுத்தம் பண்ண முடியுங்களா?

ஓரளவு முடியும். ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருள் இலவசம். பேச்சு இல்லாத, சத்தம் மட்டும் இருக்கிற இரண்டு மூன்று விநாடியைத் தேர்ந்தெடுத்து, நாய்ஸ் ரிடக்ஷனில் 'கெட் நாய்ஸ் ப்ரொஃபைல்' கொடுங்கள். அப்புறம் முழுவதையும் தேர்ந்தெடுத்து, மறுபடி அதே இடத்துக்குப் போய் ஓகே கொடுங்கள். அங்கே இருக்கும் டெசிபெல் அளவை 30 ஆக்கினால் குரலுக்குப் பின்னால் தண்ணீர் சலசலப்பது போல ஒரு ஒலி வரும். 6-இலிருந்து 12-க்குள் நிறுத்துங்கள். இது 8-இல் சொன்ன அளந்து கழிக்கும் முறை என்பதால் ஃபேனுக்குத்தான் ஒத்துவரும்.

அடுத்த முறை பதிவைத் தொடங்கியதும் ஐந்து விநாடி சும்மா இருங்கள். அந்த ஐந்து விநாடிதான் பின்னால் அளக்க உதவும்.

16. எங்க வள்ளி கும்மி வகுப்புல வாத்தியார் பாடறது கேக்குது, கை தட்டறது கேக்கறதில்லீங்க. மைக் கோளாறுங்களா?

இத்தனை கேள்விகளில் எனக்குப் பிடித்தது இதுதான். வாத்தியார் பக்கம் நாய்ஸ் சப்ரஷன் ரொம்ப நன்றாக வேலை செய்கிறது. கைத்தட்டல் அதன் கணக்கில் தறி அடிக்கும் சத்தத்துக்குச் சொந்தக்காரன்: சட்டென்று எழும்பி அடங்குவது. ஆகவே பிடுங்கி எறிந்துவிடுகிறது. தவில், பறை, சலங்கை, வீணையின் நீண்ட கார்வை எல்லாவற்றுக்கும் இதே கதி. வாத்தியாரை ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' போடச் சொல்லுங்கள். அப்போது தறியும் உள்ளே வரும். அதற்கு அவர் தறி ஓடாத பக்கத்து அறையைத் தேடிக்கொள்வதுதான் வழி.

17. எனக்கு வேற எடமே இல்லீங்க. குடோனுக்குள்ள உக்காந்துதான் பேசோணும். அதுக்கு என்ன செட்டிங்கு?

கணக்குப் போட்டுச் சொல்கிறேன். சாதாரணப் பேச்சு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 60 டெசிபெல். ஓடும் தறிக்குடோனுக்குள் 90-க்கு மேல். மைக்கை உதட்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தால் தூரம் நாற்பதில் ஒரு பங்காகி, குரல் 32 டெசிபெல் கூடி 92 ஆகும். ஆக, உதட்டை ஒட்டி வைத்தும் குரலும் தறியும் ஒரே உயரத்தில் நிற்கின்றன. இரண்டும் சரிசமமாகக் கலந்த பிறகு மென்பொருளால் பிரிக்க முடிவது கொஞ்சந்தான். கத்திப் பேசலாம், எத்தனை நேரம் பேசுவீர்கள்?

காரணம்பேட்டைப் பக்கத்தில் ஒரு தறிக்காரர் இதற்கு வழி கண்டுபிடித்தார். குடோனைத் தாண்டி வேப்ப மரத்தடியில் காரை நிறுத்தி, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளே உட்கார்ந்து ஹெட்செட்டில் பேசுகிறார். காருக்குள் நல்ல அடைப்பும் இருக்கிறது, சீட்டும் கூரைத் துணியும் முழக்கத்தை உறிஞ்சுகின்றன. பூஸ்ட் 0, ஜூமில் லோ. பேசி முடிக்கிற வரைக்கும் ஏசி ஃபேனை மட்டும் ஒன்றில் வைத்துக்கொள்கிறார்.